மருந்தடிக்கிறவர், அறுவடை வண்டி ஓட்டுநர், சொட்டுநீர் ஃபிட்டர்: பயிற்சியும் சான்றிதழும் எப்படி மாறணும்?

களத்துமேடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வேளாண் திறன் பயிற்சி பற்றி இங்கே துண்டு துண்டாகப் பேச்சு வருகிறது. ஒரே இழையில் வைத்துப் பேசலாம்.

2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்தது. இந்திய வேளாண் திறன் குழுமம் டிராக்டர் ஓட்டுநர், நுண்ணீர்ப் பாசனத் தொழில்நுட்பர், நாற்றங்கால் பணியாளர் என்று வேலை வாரியாகத் தகுதிகளை எழுதி வைத்திருக்கிறது. யார் பயிற்சி கொடுக்கலாம், யார் மதிப்பிடலாம் என்பதற்கும் விதிமுறை இருக்கிறது. காகிதத்தில் பெரிய குறை இல்லை. ஆனால் வயல்காரர் ஆள் கூப்பிடும்போது சான்றிதழைக் கேட்பதில்லை. கேட்காததால் கூலியில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இல்லாததால் நல்ல வேலைக்காரர் பிழைப்பை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வருவதில்லை.

இந்தச் சுற்றை உடைக்க ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது: தேர்வு வயலில் நடக்கணும், அதில் ஏதாவது ஒன்றை அளந்து பார்க்கணும். "இவர் ஓட்டினால் நெல் இவ்வளவுதான் சிந்தும்" என்று எண்ணோடு சொல்லுகிற சான்றிதழுக்கு விவசாயி காசு கொடுப்பார். "இத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்" என்கிற சான்றிதழுக்கு ஏன் கொடுக்கணும்?

அவரவர் துறையில் எதை அளந்தால் ஒருவரைக் கைதேர்ந்தவர் என்று சொல்லலாம், அதை எப்படி அளப்பது, எங்கே தப்பு நடக்கும் என்று எழுதுங்கள். பொதுவான பேச்சு வேண்டாம்.

வரப்போரம்

மருந்தடிக்கிற வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம்ம ஊரில் எந்தத் தகுதியும் கேட்காமல் விஷத்தைக் கையில் கொடுக்கிற ஒரே வேலை இதுதான்.

முதல் தேர்வு: ஒரு சென்ட் அளவீடு. 20 அடிக்கு 22 அடி கயிறு கட்டினால் கிட்டத்தட்ட ஒரு சென்ட். 16 லிட்டர் கைத்தெளிப்பானில் வெறும் தண்ணீரைக் குறியிட்ட அளவு வரை ஊற்றி, வழக்கமான நடையில் அந்தப் பரப்பை அடிக்கச் சொல்லணும். முடிந்ததும் அளவுச்சாடியில் அளந்து ஊற்றி, பழைய குறிக்குக் கொண்டுவர எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று பார்க்கணும். 2 லிட்டர் என்றால் ஏக்கருக்கு 200 லிட்டர், அதாவது பன்னிரண்டரை டேங்க். ஏக்கருக்கு 200 மி.லி. மருந்து என்று டப்பாவின் லேபிளில் இருந்தால் டேங்குக்கு 16 மி.லி.

வயலில் நடப்பது என்ன? "டேங்குக்கு ஒரு மூடி" என்று கடையில் சொல்லி அனுப்புகிறார்கள். மூடி 10 மி.லி.யும் இருக்கும், 25 மி.லி.யும் இருக்கும். வேகமாக நடக்கிறவர் ஏக்கரை ஆறு டேங்கில் முடித்துவிடுவார். 16 மி.லி. சரியாகவே ஊற்றியிருந்தாலும் ஏக்கருக்குப் போனது 96 மி.லி., பாதி அளவுகூட இல்லை. பூச்சி சாகவில்லை என்று அடுத்த வாரம் வீரியம் அதிகமான மருந்து வாங்குவார். பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தி வளர்வதும் செலவு இரட்டிப்பாவதும் இப்படித்தான்.

இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவருக்குத் தேர்ச்சி. எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும். மூன்று முறை அடிக்கச் சொன்னால் மூன்றும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போகணும். நடை நிதானம் இருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

புதுநாற்று

ஐயா, நாசில் (மருந்து பீய்ச்சும் முனை) மாற்றினால் இந்தக் கணக்கு மாறுமா? களைக்கொல்லிக்கும் பூச்சி மருந்துக்கும் ஒரே நாசில்தான் எல்லாரும் போடுகிறார்கள்.

வரப்போரம்

கண்டிப்பாக மாறும் தம்பி. ஒவ்வொரு நாசிலுக்கும் தனியாக அளக்கணும். பூச்சி, பூஞ்சாண மருந்துக்கு ஹாலோ கோன், அதாவது உள்ளே வெற்றான கூம்பாகத் தெளிப்பது. சின்னத் துளிகள் சுழன்று போய் இலையின் அடிப்பக்கமும் படும். களைக்கொல்லிக்கு ஃப்ளாட் ஃபேன் அல்லது ஃப்ளட் ஜெட். துளி பெரிது, தரையில் பட்டையாக விழும், காற்றில் பக்கத்து வயலுக்குப் போகாது. களைக்கொல்லியை ஹாலோ கோனில் அடித்தால் புகை மாதிரி பறந்து பக்கத்துப் பயிரைச் சுருட்டிவிடும்.

நாசில் தேய்மானமும் தேர்வில் வரணும். புது நாசிலில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வருகிறது என்று பிடித்துக் குறித்து வைக்கணும். பழையது அதைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக விட்டால் தூக்கிப் போடணும். அடைப்பை ஊசியாலும் கம்பியாலும் குத்தினால் துளை கிழியும். பல் துலக்குகிற பிரஷ்தான் சரி. வாயால் ஊதினால் அந்த இடத்திலேயே தேர்வை நிறுத்திவிடணும்.

மற்றவை கண்ணால் பார்த்து மதிப்பிட வேண்டியவை. டப்பாவின் முக்கோணத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எந்த அளவு விஷத்தைச் சொல்கிறது என்று தெரியணும். கலக்கும்போதே கையுறையும் கண்ணாடியும் போடணும். அடர்த்தியான மருந்து கையில் படுவது கலக்கும்போதுதான், ஆனால் நம்மாட்கள் அடிக்கும்போது மட்டும்தான் முகத்தில் துண்டு கட்டுகிறார்கள். காற்று முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும்படி நடக்கணும். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அலசின தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போடணும்.

2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த கூலியாட்கள் இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஆளுயரத்துக்கு வளர்ந்த செடிக்குள் நுழைந்து, பாதுகாப்பு உடை இல்லாமல், மருந்துகளைக் கலந்து அடித்தார்கள். பூச்சிக்கொல்லி விதிகள் 1971-லேயே பாதுகாப்பு உடை பற்றியும் கையாளுகிறவர்களுக்கான பயிற்சி பற்றியும் இருக்கிறது. கூலிக்கு அடிக்கிறவர் வரை அதைக் கொண்டுபோக இன்றுவரை ஒரு ஏற்பாடு இல்லை.

பெல்ட்வண்டி

அறுவடை இயந்திரத்துக்கு நான் சொல்கிறேன். டெல்டாவில் ஓடுகிற வண்டியில் நிறைய சேலம், ஆத்தூர் பக்கமிருந்து வருவது. ஓட்டுநர்கள் உதவியாளாக ஏறி, பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். ஸ்டியரிங் பிடிப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. எந்த செட்டிங்கை எப்போது மாற்றணும் என்பதுதான் சொல்லிக்கொடுக்கப்படாத பாடம்.

அளக்க வேண்டியது சிந்துகிற நெல். வண்டி வேலை செய்துகொண்டிருக்கும்போதே நடு வயலில் சட்டென்று நிறுத்தி, ஐந்து மீட்டர் பின்னால் எடுக்கணும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் ஒன்றை மூன்று இடத்தில் வைக்கணும். அறுக்காத பயிருக்குள் வைத்து எண்ணினால் தானாக உதிர்ந்தது. அறுத்த ஆனால் வைக்கோல் விழாத இடத்தில் எண்ணி, முதல் எண்ணைக் கழித்தால் முன்பக்கக் கட்டர் சிந்தியது. வைக்கோலை உதறிவிட்டு அதன் அடியில் எண்ணி, முன்னது இரண்டையும் கழித்தால் கதிரடிக்கும் டிரம்மும் சல்லடையும் விட்டது. வைக்கோல் குறுகலாக ஒரே வரிசையில் விழுகிற வண்டி என்றால், இந்தக் கடைசி எண்ணை வெட்டுகிற அகலத்துக்கும் வைக்கோல் வரிசை அகலத்துக்கும் உள்ள விகிதத்தால் வகுக்கணும். இதை மறந்தால் நல்ல ஓட்டுநரும் தோற்றுவிடுவார்.

கணக்கு: ஆயிரம் நெல் சுமார் 22 கிராம் இருக்கிற ரகத்தில், ஒரு சதுர மீட்டரில் 270 மணி என்றால் 6 கிராம். ஏக்கருக்கு 24 கிலோ. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 40 விளைகிற வயலில் அது ஒரு சதவீதம்.

எங்கே சிந்துகிறது என்று தெரிந்தால் காரணமும் தெரியும். முன்பக்கம் சிந்தினால் ரீல் (பயிரைக் கத்திப் பக்கம் சாய்க்கும் சக்கரம்) வேகம் வண்டி வேகத்தைவிட ரொம்ப அதிகம், கதிரை அடித்து உதிர்க்கிறது. அல்லது கத்தி மழுங்கியிருக்கிறது. வைக்கோலில் கதிரோடு நெல் ஒட்டியிருந்தால் டிரம் வேகம் குறைவு, அல்லது கான்கேவ் (டிரம்முக்கு அடியில் இருக்கும் வளைந்த சட்டம்) இடைவெளி அதிகம். நெல் சேரும் டேங்கில் உடைந்த அரிசியும் உமி உரிந்த நெல்லும் தெரிந்தால் அதற்கு நேர்மாறு. பதரோடு நல்ல நெல் பறந்தால் காற்று அதிகம். டேங்கில் பதர் நிறைந்தால் காற்று குறைவு. காலையில் பனி ஈரத்தோடு அறுக்கும் செட்டிங்கில் மதியம் அறுத்தால் உடைசல் வரும். ஒரே நாளில் இரண்டு முறையாவது மாற்றணும். தேர்வாளர் வேண்டுமென்றே செட்டிங்கைக் கலைத்து வைத்து, "இதைச் சரிசெய்து நஷ்டத்தைப் பாதியாக்கு" என்று சொல்லணும். அரை மணி நேரத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

காவிரிக்கரை

பெல்ட்வண்டி அண்ணே சொன்னது அத்தனையும் சரி. ஆனா ஓட்டுநரை மட்டும் தேர்வு வைத்துப் பிரயோஜனமில்லை. மழை வருகிற சமயத்தில் வரிசையில் நாற்பது ஏக்கர் காத்திருக்கும். புரோக்கர் போன் மேல போன் போடுவார். அந்த நேரத்தில் ரெண்டாவது கியரில் நிதானமாக ஓட்டினால் அவருக்கு அடுத்த வருஷம் வேலை இருக்காது. வேகத்தை முடிவு பண்ணுவது வண்டிக்காரரும் புரோக்கரும்.

இன்னொன்று, கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் கேட்கிறார்கள். 22-இல் அறுத்தால் உடைசலும் சிந்தலும் குறைவு, ஆனால் காயவைக்கக் களம் வேண்டும். களம் இல்லாதவர் பயிரை வயலிலேயே காயவிடுகிறார், உதிர்கிறது. அந்த நஷ்டத்தை ஓட்டுநர் தலையில் கட்டக் கூடாது. அண்ணே சொன்ன மூன்று சட்ட முறையில் "தானாக உதிர்ந்தது" தனியாகப் பிரிந்துவிடுவது நல்லது.

பெல்ட்வண்டி

அதனால்தான் சான்றிதழை வாடகையோடு கட்டணும் என்கிறேன். வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை ஏற்பாடும் உழவன் செயலியும் ஏற்கெனவே இருக்கு. தனியார் வண்டிப் பட்டியலில் ஓட்டுநர் பெயருக்குப் பக்கத்தில் "சோதித்த நஷ்டம்: 1.5 சதவீதம்" என்று ஒரு கட்டம் இருந்தால் விவசாயி எந்த வண்டியைக் கூப்பிடுவார்? மணிக்கு நூறு ரூபாய் கூடுதல் கேட்டாலும் கொடுப்பார். ஏக்கருக்கு 24 கிலோ மிச்சம் என்றால் அந்த நூறு ரூபாய் ஒன்றுமே இல்லை. வண்டிக்காரருக்கும் அப்போதுதான் ஓட்டுநரைப் பயிற்சிக்கு அனுப்ப மனசு வரும்.

நீளமான பயிற்சி வேண்டுமென்றால் தெற்கு மாநிலங்களுக்கு ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டம் கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955-இல் தொடங்கியதன் வரிசையில் வந்தது. நம்ம ஓட்டுநர்களில் அதைக் கேள்விப்பட்டவர் குறைவு.

சொட்டுநீர் ஃபிட்டர்

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75. குழாய் போடுகிற கூட்டம் அதனால் பெருகிவிட்டது. பராமரிக்கத் தெரிந்தவர் பெருகவில்லை. மூன்றாம் வருஷம் லேட்டரலை (சொட்டுவான் உள்ள பக்கக் குழாயை)ச் சுருட்டிக் கொட்டகையில் போடுகிற தோட்டங்களில் பெரும்பாலும் காரணம் அடைப்புதான்.

ஃபிட்டருக்கான தேர்வு: ஒரு வால்வுப் பகுதியில் நான்கு லேட்டரல் எடுக்கணும். முதலாவது, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, கடைசி. ஒவ்வொன்றிலும் அதேபோல நான்கு இடம், ஆக 16 சொட்டுவான். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் என்றால் மூன்று நிமிடத்தில் 200 மி.லி. விழணும். பதினாறையும் டம்ளரில் பிடித்து, குறைவாக விழுந்த நான்கின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுக்கணும். மொத்தச் சராசரி 190, குறைந்த நான்கின் சராசரி 150 என்றால் 79 சதவீதம். 90-க்கு மேல் அருமை, 80-க்கு மேல் பரவாயில்லை, 70-க்குக் கீழே போனால் அந்த அமைப்பில் உரம் விடுவதே வீண். முதல் வரிசைச் செடி தின்றுவிடும், கடைசி வரிசை பட்டினி கிடக்கும்.

குறைவதற்குக் காரணம் கண்டுபிடிப்பது இரண்டாம் பகுதி. எல்லாச் சொட்டுவானும் ஒரே மாதிரி குறைந்தால் அழுத்தம். கடைசி லேட்டரல் மட்டும் குறைந்தால் சப்மெயின் (லேட்டரல்களுக்குத் தண்ணீர் பிரிக்கும் குழாய்) அளவு போதவில்லை, அல்லது ஃபிளஷ் வால்வில் கசிவு. அங்கங்கே குறைந்தால் அடைப்பு. அடைப்பிலும் வெள்ளைப் படிவு உப்பு, செம்பழுப்பு இரும்பு, வழவழப்பு பாசி. உப்புக்கு ஆசிட். கடைசிச் சொட்டுவானில் வரும் தண்ணீரின் பி.எச். 4 ஆகும் வரை விட்டு, மோட்டாரை நிறுத்தி 24 மணி நேரம் வைத்து, அப்புறம் சப்மெயின், லேட்டரல் என்ற வரிசையில் கடைசிவரை திறந்து கழுவணும். ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்றணும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். இந்த ஒன்றைத் தப்பாகச் செய்தவருக்கு மற்றதில் எவ்வளவு மதிப்பெண் வந்தாலும் தேர்ச்சி கொடுக்கக் கூடாது.

ஃபில்டர் உள்ளேயும் வெளியேயும் அழுத்த மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லணும். வித்தியாசம் அரை கிலோவைத் தாண்டினால் கழுவணும். பல இடத்தில் மீட்டர் பொருத்தின நாளோடு உடைந்து கிடக்கும், யாரும் மாற்றுவதில்லை. திரைஃபில்டரை அம்புக்குறிக்கு எதிராக மாட்டிய இடங்களும் உண்டு.

பயிற்றுநர்

பயிற்சி கொடுக்கிற பக்கத்திலிருந்து சில விஷயம். இங்கே சொல்லப்படுகிற தேர்வுகள் நடக்காமல் போவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்யாமல் பாடத்திட்டத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை.

முதலாவது காலம். 200 மணி நேரப் பயிற்சியை நாளுக்கு எட்டு மணி என்று ஓட்டினால் 25 நாளில் முடிந்துவிடும். குறுவை நெல்லே வயலில் 105, 110 நாள் நிற்கிறது. நாற்றங்காலைப் பார்த்தவர் பூக்கும் பருவத்தைப் பார்ப்பதில்லை, இலைச்சுருட்டுப் புழு வரும் நேரத்தில் வகுப்பு முடிந்திருக்கும். அதே மணி நேரத்தை வாரம் ஒன்றிரண்டு நாள், விதைப்பிலிருந்து அறுவடை வரை என்று பிரித்தால் கூலி வேலையும் கெடாது, பயிரின் எல்லாப் பருவமும் கண்ணில் படும். 1989-இல் இந்தோனேசியாவில் நெல்லுக்குத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி இப்படித்தான் நடந்தது, நம் வேளாண் துறையும் அதை நடத்தியிருக்கிறது. திறன் திட்டங்களின் கட்டணம் மட்டும் வகுப்பை விரைவாக முடித்துக் கணக்குக் கொடுக்கிற மாதிரி அமைந்திருக்கிறது.

இரண்டாவது, 30 பேர் கொண்ட வகுப்பு. ஒரு டிராக்டர், ஒரு ரோட்டவேட்டர், 30 பேர் என்றால் ஒருவர் ஸ்டியரிங்கில் உட்காரும் நேரம் எவ்வளவு? செய்முறை நாளில் ஒரு இயந்திரத்துக்கு ஆறு பேருக்கு மேல் கூடாது என்று விதி வேண்டும்.

மூன்றாவது, மதிப்பீடு. டேப்லெட்டில் நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்வதை எளிதாகக் கண்காணிக்கலாம், அதனால் அதற்கு எடை ஏறிவிட்டது. இருபது வருஷமாக மா ஒட்டுக் கட்டுகிற அம்மாவுக்கு அந்தத் திரையைப் படிக்க வராது. அவர் கட்டின நூறு ஒட்டில் எத்தனை துளிர்த்தது என்று நாற்பதாம் நாள் போய் எண்ணினால் அதைவிடப் பெரிய சான்று வேறில்லை. அதற்கு மதிப்பீட்டாளர் இரண்டு முறை வரணும், இப்போது ஒரு நாள் கூலிதான் கொடுக்கிறார்கள்.

முன்கற்றல் அங்கீகாரம் என்று ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. அனுபவசாலிக்கு முழுப் பயிற்சி வேண்டாம், குறுகிய அறிமுகம் கொடுத்து நேரே மதிப்பிடலாம். இங்கே பேசுகிற தேர்வுகளுக்குப் பொருத்தமான வாசல் அதுதான்.

தேம்ஸ்கரை

இங்கிலாந்தில் விவசாயப் பயிற்சித் துறையில் இருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று எழுதுகிறேன்.

இங்கே தொழில்முறைப் பூச்சிமருந்து அடிக்கிறவருக்குச் சான்றிதழ் கட்டாயம். பி.ஏ.1 என்பது அடிப்படை: சட்டம், லேபிள், பாதுகாப்பு. அதன் மேல் கருவிக்கு ஒன்று. டிராக்டர் பூம் தெளிப்பானுக்கு பி.ஏ.2, கையில் தூக்கும் தெளிப்பானுக்கு பி.ஏ.6. கருவித் தேர்வு செய்முறை, அளவீடு செய்து காட்டணும். முன்பெல்லாம் 1964 டிசம்பர் 31-க்கு முன் பிறந்தவர் தன் நிலத்திலோ முதலாளி நிலத்திலோ அடிக்க விலக்கு இருந்தது. 2015 நவம்பர் 26-இலிருந்து அந்த விலக்கும் போய்விட்டது. விற்கிற கடைக்கும் பொறுப்பு உண்டு, பயன்படுத்தப்போகிறவர் சான்று பெற்றவர் என்று உறுதி செய்யணும்.

கவனிக்க வேண்டியது கருவி வாரியாகப் பிரித்த விதம். "தெளிப்பாளர்" என்று ஒரே பெரிய சான்றிதழ் கிடையாது. அடிப்படை ஒன்று, அதன் மேல் சின்னச் சின்னத் துண்டுகள். புதுக் கருவி வாங்கினால் அந்தத் துண்டை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

உரக்கடை

தேம்ஸ்கரை சார், அது பெரிய பண்ணைகளின் நாடு. இங்கே அரை ஏக்கர்க்காரரிடம் சான்றிதழ் இல்லாமல் மருந்து கொடுக்க மாட்டேன் என்றால் அவர் பக்கத்து ஊரில் பில் இல்லாமல் வாங்குவார். போலி மருந்துதான் பெருகும். கட்டாயம் என்பதைச் சொந்த நிலக்காரரிடம் ஆரம்பிக்கக் கூடாது. கூலிக்கு அடிக்கிற ஆள், இயந்திர வாடகை மையம், டிரோன்காரர் என்று காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் நிலத்தில் அடிக்கிறவரிடம் ஆரம்பிக்கலாம்.

எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். இடுபொருள் விற்பனையாளருக்கு ஹைதராபாத் மேனேஜ் (தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை) நிறுவனம் 2003-இலிருந்து நடத்துகிற டேசி பட்டயம் இருக்கிறது. 48 வாரம், வாரம் ஒரு நாள், கடை விடுமுறை நாளில். 40 வகுப்பு, 8 வயல் பார்வை. ஒரு வருஷம் முழுக்கப் போவதால் எல்லாப் பருவமும் வந்துவிடும், பயிற்றுநர் கேட்ட அமைப்பு இதில் ஏற்கெனவே இருக்கிறது. பாடமும் உருப்படியான பாடம்.

ஓட்டை எங்கே என்றால், பட்டயம் உரிமையாளர் பெயரில் சுவரில் தொங்கும். கவுண்டரில் நின்று "இதை ஒரு மூடி ஊத்துங்க" என்று சொல்வது பத்தாவது முடித்த பையன். அவனுக்கு ஒரு பாடமும் கிடையாது. 48 வாரம் வேண்டாம், அவனுக்கு ஆறு நாள் போதும்: லேபிள் படிப்பது, முக்கோணம், ஏக்கர் அளவை டேங்க் அளவாக மாற்றுவது, எதோடு எதைக் கலக்கக் கூடாது, விஷம் ஏறின அறிகுறி, டப்பாவையே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகச் சொல்வது. பில்லில் "டேங்குக்கு எத்தனை மி.லி." என்று கையால் எழுதிக் கொடுப்பதைத் தேர்வாக வைக்கலாம்.

வரப்போரம்

உரக்கடை அண்ணன் சொல்கிற வரிசை எனக்கும் சம்மதம். கூலித் தெளிப்பாளர் முதலில். ஆனால் ஒரு நிபந்தனை: கூலிக்கு அடிக்கிறவரைத் தேர்வுக்குக் கூப்பிட்டால் அன்றைய கூலியைக் கொடுத்தே கூப்பிடணும். தேறினவருக்குக் கையுறை, கண்ணாடி, முகக்கவசம், ஒரு ஜோடி நாசில், அளவுக்குவளை கையில் கொடுத்து அனுப்பணும். வெறும் காகிதத்தோடு அனுப்பக் கூடாது.

தென்னந்தோப்பு

அப்படிக் கொடுத்து நடந்த பயிற்சி ஒன்று இருக்கிறது: தென்னை வளர்ச்சி வாரியத்தின் "தென்னை மரங்களின் நண்பர்கள்". 2011-இல் தொடங்கியது, ஆறு நாள். மரமேறும் கருவி, கூடவே விபத்துக் காப்பீடு. ஆறே நாளில் ஒருவர் வேலைக்குப் போய்விட முடிகிறது என்றால், கருவி கையோடு வருவதும் மறுநாளே கூப்பிட ஆள் இருப்பதும்தான் காரணம்.

குறை என்றால் இதுதான்: ஏறத் தெரிந்தால் போதும் என்று பலர் நின்றுவிடுகிறார்கள். 45 நாளுக்கு ஒருமுறை மரத்தின் கொண்டையை நேரில் பார்க்கிற ஒரே ஆள் ஏறுகிறவர்தான். காண்டாமிருக வண்டு குடைந்த துளையைக் கம்பியால் குத்தி வண்டை எடுப்பது, குருத்தை ஒட்டிய மட்டை இடுக்கில் வேப்பம்புண்ணாக்குத் தூளை இரண்டு பங்கு மணலோடு கலந்து வைப்பது, குருத்தழுகலை ஆரம்பத்திலேயே கண்டு சொல்வது: இவற்றுக்கு மேல்நிலைச் சான்று ஒன்று வைத்தால் மரத்துக்கு இத்தனை ரூபாய் என்று தனிக்கூலி கேட்கலாம். தேர்வு எளிது. பத்து மரம் ஏறி, பத்துக்கும் என்ன கண்டேன் என்று சொல்லணும். தேர்வாளரும் ஏறிச் சரிபார்க்கணும்.

வானூர்தி

டிரோன் பற்றி. டிரோன் விதிகள் 2021-இன்படி ரிமோட் பைலட் சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், வயது 18 முதல் 65. அது பறக்கத் தெரிந்ததற்கான சான்று. மருந்தடிக்கத் தெரிந்ததற்கான சான்று அல்ல. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான நமோ டிரோன் தீதி திட்டத்தில் 15 நாளில் 5 நாள் பைலட் பயிற்சி, 10 நாள் வேளாண் பயன்பாடு என்று பிரித்தது நல்ல முடிவு. தனியாகச் சான்றிதழ் வாங்கித் தொழிலுக்கு வருகிறவர் அந்த 10 நாளைப் பார்க்காமலே வயலுக்கு வந்துவிட முடிகிறது.

அளவீடு இதிலும் அதேதான். நொடிக்கு 5 மீட்டர் வேகம், 4 மீட்டர் அகலம் என்றால் ஒரு ஏக்கருக்கு 200 நொடி சொச்சம். நிமிடத்துக்கு 3 லிட்டர் பம்ப் ஓட்டம் வைத்தால் ஏக்கருக்கு 10 லிட்டர். வேகத்தை 7-ஆக ஏற்றி ஓட்டத்தை அப்படியே விட்டால் 7 லிட்டர்தான் விழும். பேட்டரியை மிச்சம் பிடிக்க இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கீழிருந்து பார்க்கிற விவசாயிக்கு ஒன்றும் தெரியாது.

10 லிட்டரில் ஒரு ஏக்கர் மருந்தும் அடங்கியிருப்பதால் துளி ஒவ்வொன்றும் கைத்தெளிப்பான் துளியைவிட இருபது மடங்கு அடர்த்தி. பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால் காற்று திரும்பின ஒரு நிமிடம் போதும், அந்த இலையைத் தின்ற பட்டுப்புழு முழுத் தட்டும் சாகும். உடுமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதைத் தேர்வில் கட்டாயமாக்கணும்: பறக்கும் முன் நான்கு பக்கமும் நடந்து மல்பெரி, மீன் குட்டை, தேனீப் பெட்டி, வெற்றிலைக் கொடிக்கால் எங்கே என்று வரைந்து காட்டணும். காற்று எந்தப் பக்கம், எந்த ஓரத்தில் எத்தனை மீட்டர் விடப்போகிறேன் என்று சொல்லணும். அதைச் சொல்லத் தெரியாதவரைக் கிளப்பவே விடக் கூடாது.

பட்டறை

படிப்புப் பக்கம் யாரும் வரவில்லை. மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி 1978-79-இல் வந்தது, வேளாண்மையும் அதில் உண்டு. ஐ.டி.ஐ.யில் டிராக்டர் மெக்கானிக் ஒரு வருஷம், வேளாண் இயந்திர மெக்கானிக் இரண்டு வருஷம். அப்புறம் வேளாண் பல்கலைக்கழகத்தின் இரண்டு வருஷப் பட்டயம், அதற்கு உதவி வேளாண்மை அலுவலர் பணி இருப்பதால் போட்டி இருக்கிறது. படிகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு ஏற முடிவதில்லை என்பதுதான் சிக்கல்.

பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றால் இடத்தை நிரப்பாமல் பிரிவையே மூடிய ஊர்கள் நிறைய. ஐ.டி.ஐ.யில் வேளாண் இயந்திரம் படித்தவரைக் கார், பைக் கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போகின்றன, அங்கே மாதச் சம்பளம் உறுதி. வாடகை மையங்களில் மெக்கானிக் வேலை பருவத்துக்கு மட்டும்தான். நாலைந்து கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து ஒரு மெக்கானிக்கை வருஷம் முழுக்க வைத்து, பருவமில்லாத மாதங்களில் நடவு இயந்திரம், பவர் டில்லர், வைக்கோல் கட்டும் பேலர் எல்லாவற்றையும் பிரித்துப் பழுது பார்க்க வைக்கலாம். 1961-இன் தொழிற்பழகுநர் சட்டத்தில் அவருக்குக் கீழே ஒரு பையனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2023-இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட். அப்படியானால் 200 மணி நேர நுண்ணீர்ப் பாசனச் சான்றிதழுக்கு ஆறரைக்குச் சற்று மேலே கிரெடிட் சேரணும். ஐ.டி.ஐ.யோ பட்டயப் படிப்போ அதைக் கழித்துக்கொண்டு சேர்த்தால்தான் இளைஞர்கள் இந்தப் பக்கம் திரும்புவார்கள்.

களத்துமேடு

எல்லாருக்கும் நன்றி. செலவைப் பார்ப்போம். தெளிப்புத் தேர்வுக்கு வேண்டியது 30 மீட்டர் டேப், கயிறு, எட்டு முளை, ஒரு லிட்டர் அளவுச்சாடி, ஸ்டாப்வாட்ச், இரண்டு வகை நாசில். சொட்டுநீருக்குப் பதினாறு டம்ளர், 250 மி.லி. அளவுச்சாடி, பி.எச். தாள், அழுத்த மீட்டர். அறுவடைக்கு ஒரு சதுர மீட்டர் இரும்புச் சட்டமும் சின்னத் தராசும். இயந்திரத்தைத் தவிர எல்லாம் ஒரு கோணிப்பைக்குள் அடங்கும். ஒவ்வொரு வேளாண் அறிவியல் நிலையத்திலும் இப்படி ஒரு பை இருந்தால் மாதம் ஒரு தேர்வு நாள் வைக்கலாம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் நம்ம வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் புதுச்சேரியில் வந்தது. செய்முறைத் தொழிற்பயிற்சி கொடுக்கத்தான் அது தொடங்கப்பட்டது.

ஒரு நாளைக்கு ஒரு தேர்வாளர் எத்தனை பேரைப் பார்க்க முடியும் வரப்போரம்?

வரப்போரம்

தெளிப்புக்கு எட்டுப் பேர். ஒருவருக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும், மூன்று முறை அடிக்கணும் இல்லையா. காலை ஆறரைக்கு ஆரம்பித்துப் பத்துக்குள் நாலு பேர், மாலை மூன்றரைக்கு மேல் நாலு பேர். நடு மதியத்தில் வைத்தால் வெயிலுக்கு நடை வேகம் கூடிவிடும், அளவும் மாறும்.

புதுநாற்று

வெறும் தண்ணீர் என்றால் இலையின் அடியில் பட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

வரப்போரம்

தண்ணீர் பட்டால் நீலமாகிற மஞ்சள் தாள் இருக்கிறது, இலையின் மேலும் அடியிலும் குத்தி வைத்துத் துளியை எண்ணலாம். விலை அதிகம். அது கிடைக்காத இடத்தில் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, வெள்ளைத் தாள் துண்டுகளைச் செடியின் உச்சி, நடு, அடி மூன்று உயரத்திலும் இலைக்கு அடியில் குண்டூசியால் மாட்டுங்கள். அடித்து முடித்ததும் தாளைப் பாருங்கள். தனித்தனிப் புள்ளியாக இருந்தால் சரி. வழிந்து ஓடியிருந்தால் தண்ணீர் அதிகம், மருந்து மண்ணுக்குப் போகிறது. நடுவிலும் அடியிலும் வெள்ளையாகவே இருந்தால் நாசிலை மேலே பிடித்தே நடந்திருக்கிறார். லான்ஸை (நாசில் மாட்டிய நீளக் குழாயை)ச் செடிக்குக் கீழே இறக்கி, நாசிலை மேல்நோக்கித் திருப்பி அடிக்கச் சொல்லிக் கொடுங்கள். மறுபடி புதுத் தாள் மாட்டிப் பாருங்கள்.